எண்பது சென் கறிச்சோறு

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் அதிகமாக எழுதுவதில்லை. கோட்டைகளைப் பற்றி எழுதுவார்கள்; கோவில்களைப் பற்றி எழுதுவார்கள்; ராஜாவின் யானை எந்த வாசல் வழியாக வெளியே போயிற்று என்று இரண்டு பண்டிதர்கள் மூன்று வருஷம் சண்டைகூடப் போடுவார்கள். ஆனால் அந்த யானையின் பின்னால் நடந்துபோன சேவகன் மத்தியானம் எங்கே சாப்பிட்டான், அவனுக்கு யார் சோறு போட்டார்கள், காசு கொடுத்தானா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. எனக்கு என்னவோ இந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஒரு மனிதனுக்குச் சோறு போட்டவர் யார், போடாமல் விட்டவர் யார் என்று தெரிந்துவிட்டால், அந்தக் காலத்தின் யோக்கியதையில் பாதி தெரிந்த மாதிரிதான்.

அதனால்தான் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அந்தக் கடையின் பெயர் நகமுராயா. டோக்கியோ நகரில் ஷிஞ்சுகு ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அந்தியூர்க்காரனான எனக்கு டோக்கியோவிலுள்ள ஒரு கடையைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது. அந்தக் கடையின் பெயரை உலகறியச் செய்த பதார்த்தம் நம்முடையது. அதன் பெயரும் நம்முடைய பாஷையிலிருந்து புறப்பட்டுப் போனதுதான்.

எங்கள் அந்தியூர், பவானிக்கு வடமேற்கே பர்கூர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெற்றிலைக்கும், ஆடி மாதம் குருநாதசுவாமி திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கும் பேர் போன ஊர். எங்கள் பக்கத்தில் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. வேறு அர்த்தம் கிடையாது. தஞ்சாவூர்ச் சிநேகிதர் ஒருவர் "இன்றைக்கு எங்கள் வீட்டில் வாழைக்காய்க் கறி" என்று சொன்னால், எங்கள் ஊர்க்காரர் ஒரு கணம் திகைத்துத்தான் போவார். ஒரே சொல், காவேரியின் போக்கோடு கொஞ்ச தூரம் போவதற்குள் அர்த்தம் மாறிவிடுகிறது. இந்தச் சொல்தான் கடல் கடந்து போயிற்று என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களில் பலருடைய கொள்கை. போர்ச்சுகீசியர் நம் கரையோரத்தில் இதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்தும் நம்மிடமிருந்தும் வாங்கிக்கொண்டார்கள். 1747-ஆம் வருஷம் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் அச்சிட்ட சமையல் புத்தகத்தில், இந்திய ரீதியில் கறி சமைக்கும் முறை வந்துவிட்டது. அப்போது ராபர்ட் கிளைவ் பிளாசி யுத்தம் நடத்துவதற்கு இன்னும் பத்து வருஷம் பாக்கி. நாட்டைப் பிடிப்பதற்கு முன்னாலேயே குழம்பைப் பிடித்துவிட்டார்கள்!

அந்தக் குழம்பு ஜப்பானுக்கு நம்மிடமிருந்து நேராகப் போகவில்லை. இங்கிலாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்தில் ஜப்பான் தன் கதவுகளைத் திறந்து மேல்நாட்டாரின் ரயிலையும் பீரங்கியையும் உடையையும் வரவழைத்தது. அவற்றோடு அவர்களுடைய ஆகாரத்தையும் வரவழைத்தது. புத்த தர்மத்தை முன்னிட்டு நெடுங்காலம் இறைச்சியை விலக்கி வைத்திருந்த நாட்டில், 1872-ஆம் வருஷம் சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியாயிற்று. அதே வருஷம் அச்சான மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களில் கறி செய்யும் முறையும் இருந்தது. ஆங்கிலேயர் புட்டியில் அடைத்து விற்ற மசாலைத் தூளை வெண்ணெயிலும் கோதுமை மாவிலும் கலந்து, கூழ் மாதிரி கெட்டியாகக் கிண்டி, சோற்றின் மேல் ஊற்றுவார்கள். 1908-இல் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டிலும் அது இடம் பெற்றுவிட்டது. "கரே" என்பது அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர். அதை ஓர் ஆங்கிலேயப் பலகாரம் என்றே அவர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். நம்மூர் மஞ்சளும் மிளகும் மல்லியும், பிறந்த வீட்டின் பேர் தெரியாத பிள்ளைகளைப் போல அந்த மாவுக் கூழில் கிடந்தன.

இந்த இடத்தில்தான் நகமுராயா வருகிறது.

ஸோமா அய்ஸோ என்பவரும் அவருடைய மனைவி கொக்கோ அம்மாளும் 1901-ஆம் வருஷம் டோக்கியோவில் சர்வகலாசாலைக்கு எதிரே இருந்த ஒரு ரொட்டிக் கடையை விலைக்கு வாங்கினார்கள். இருவரும் படித்தவர்கள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்ல. பின்னால் ஷிஞ்சுகுவுக்கு வந்து, 1909-இல் இப்போதுள்ள இடத்தில் கடையை நிலைநிறுத்தினார்கள். வியாபாரம் பெருகிற்று. காசு சேர்ந்தவுடன் சிலர் இரும்புப் பெட்டி வாங்குவார்கள். இந்தத் தம்பதிகள் சித்திரக்காரர்களையும் சிற்பிகளையும் எழுத்தாளர்களையும் வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். கடைக்குப் பின்னால் ஓவியர்கள் வேலை செய்வதற்கென்று ஒரு கலைக்கூடமும் இருந்தது. அந்தக் கூடத்துக்கு 1915-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஓர் இரவில் வேறு மாதிரியான விருந்தாளி ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் ராஷ் பிகாரி போஸ்.

நம் நாட்டில் போஸ் என்றால் சுபாஷ் சந்திர போஸையே நினைப்போம். ராஷ் பிகாரி அவருக்கு மூத்தவர். வங்காளத்தில் 1886-இல் பிறந்தவர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். 1912-ஆம் வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி டில்லி சாந்தினி சௌக்கில் யானை மேல் பவனி வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபுவின் மேல் வெடிகுண்டு விழுந்ததே, அந்தச் சதியின் பின்னால் இருந்த மூளை இவருடையது. 1915 பிப்ரவரியில் இந்தியப் பட்டாளங்களில் ஒரே சமயத்தில் கலகம் எழுப்பத் திட்டமிட்டார். திட்டம் வெளியாகிவிட்டது. பலர் தூக்கு மேடை ஏறினார்கள். இவர் மட்டும் அகப்படவில்லை. அந்த வருஷம் மே மாதம், மகாகவி தாகூரின் உறவினர் போலப் பி. என். தாகூர் என்று பெயர் வைத்துக்கொண்டு, கல்கத்தாவிலிருந்து ஜப்பானியக் கப்பலில் ஏறிவிட்டார்.

ஆனால் ஜப்பானும் பத்திரமான இடமாக இல்லை. 1902-ஆம் வருஷத்திலிருந்து ஜப்பானும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்ட நண்பர்கள். பிரிட்டிஷ் தூதராலயம் நெருக்கியது. நவம்பர் கடைசியில், ஐந்து நாளைக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஜப்பானிய அரசாங்கம் போஸுக்கும் அவருடைய தோழர் ஹேரம்பலால் குப்தாவுக்கும் உத்தரவு போட்டது. அந்த நாளில் கிடைத்த கப்பல்கள் ஷாங்காய்க்கும் ஹாங்காங்குக்கும் போகிறவை. அங்கே இறங்கினால் பிரிட்டிஷ் போலீஸார் கையில் விலங்கோடு நிற்பார்கள். அதற்கு மேல் தூக்குக் கயிறுதான்.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அய்ஸோ, கடைக்கு வந்த ஒரு பத்திரிகையாளரிடம் பேச்சுவாக்கில், "எங்களைப் போன்ற வீட்டில் ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?" என்ற பொருளில் ஏதோ சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு, போஸுக்காகப் பரிந்து பேசிய டோயாமா மிட்சுரு என்ற பெரும்புள்ளியின் காதுக்குப் போயிற்று. பிறகு ஓர் இரவில் டோயாமாவின் வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போன இரண்டு இந்தியர்களும், பின்வாசல் வழியாக வெளியேறி ரொட்டிக் கடையின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்வாசலில் காவல் நின்ற போலீஸார், அவர்களுடைய பாதரட்சைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்களாம்!

சுமார் நான்கு மாத காலம் போஸ் அங்கே மறைந்திருந்தார். கடையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கொக்கோ அம்மாளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவர்தான் பேச்சுத் துணை. அந்த நாட்களில் போஸ் தம் கையாலேயே நம் நாட்டுச் சமையல் செய்து அந்தக் குடும்பத்துக்குப் பரிமாறினார் என்று சொல்வார்கள். ஒளிந்திருக்கிறவன் அடைக்கலம் கொடுத்தவருக்கு வேறு எதைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும்?

1916-இல் அரசாங்கம் உத்தரவைக் கைவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் ஒற்றர்கள் விடவில்லை. போஸ் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தார். அவரோடு கூட இருந்து காப்பாற்ற ஜப்பானியப் பெண் ஒருத்தி மனைவியாக வேண்டும் என்று டோயாமா யோசனை சொன்னார். அய்ஸோ தம்பதிகளின் மூத்த மகள் தோஷிகோ 1918-ஆம் வருஷம் போஸை ரகசியமாக மணந்துகொண்டாள். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். 1923-இல் போஸ் ஜப்பானியப் பிரஜையானார். ஆபத்து ஒருவாறு நீங்கியது. நிம்மதியாக மூச்சுவிடலாம் என்ற காலத்தில், 1925 மார்ச்சில், தோஷிகோ நோயில் இறந்துபோனாள். ஒளிந்து வாழ்ந்த வாழ்க்கையே அவளை உருக்கிவிட்டது என்று அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அய்ஸோ, கடையோடு சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கூடம் திறக்கத் தீர்மானித்தார். பக்கத்தில் பெரிய வணிக மாளிகை வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து ஏதேனும் சாப்பிட இடம் கேட்டார்கள். அப்போது போஸ் மாமனாரிடம் ஒரு கோரிக்கை வைத்தார். ஜப்பானில் கறி என்று சாப்பிடுவது ஆங்கிலேயன் கையில் பட்டுக் கெட்டுப்போன சரக்கு. உண்மையான இந்தியக் கறியை இந்தக் கடையில் பரிமாற வேண்டும். 1927-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி அந்தக் கூடம் திறக்கப்பட்டது. பலகையில் இந்தியக் கறி என்று எழுதினார்கள்.

அதன் விலைதான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. நூறு சென் சேர்ந்தது ஒரு யென். மற்றக் கடைகளில் ஒரு தட்டுக் கறிச்சோறு பத்து அல்லது பன்னிரண்டு சென்னுக்குக் கிடைத்த காலம் அது. நகமுராயாவில் எண்பது சென்! அப்படியும் ஜனங்கள் வந்து சாப்பிட்டார்கள். மாவைக் கொட்டிக் கெட்டியாக்காமல், வெங்காயத்தையும் மசாலையையும் வெண்ணெயில் வதக்கி, எலும்போடு கூடிய கோழியைப் போட்டுச் சமைத்தார்கள். கோழிக்குத் தனிப் பண்ணை வைத்தார்கள். அரிசி விஷயத்தில் கொஞ்சம் தகராறு வந்தது. நம் அரிசி உதிரி உதிரியாக நிற்கும். ஜப்பானியர் அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் அரிசி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுடைய அரிசியில் நம் குழம்பு சரியாக ஊறவில்லை. கடைசியில் ஷிரோமே என்ற பழைய உயர்ந்த ரகத்தைத் தேடிப் பிடித்து, விவசாயிகளைக் கொண்டு பயிரிட வைத்து, இரண்டு நாவுகளுக்கும் சமாதானம் செய்தார் அய்ஸோ. ராஜதந்திரிகள் வருஷக்கணக்கில் பேசியும் முடியாத காரியத்தை ஒரு ரொட்டிக் கடைக்காரர் ஒரு நெல்லைக் கொண்டு முடித்துவிட்டார்.

இந்த எண்பது சென்னைப் பற்றிச் சற்று யோசித்துப் பார்த்தால் நல்லது. எங்கள் பக்கத்தில் வெளியே சாப்பிடுவது ஒரு காலத்தில் கௌரவமான காரியமாக இருக்கவில்லை. "ஊட்டுல சோறு இல்லாதவனாட்டம் கடையில போயித் திங்கறான்" என்று பெரியவர்கள் ஏசுவார்கள். சோற்றை விற்பதும் பாவம், வாங்குவதும் பாவம் என்ற எண்ணம். வீட்டுக்கு வந்தவனுக்குப் போடுவதுதான் சோறு. விலை வைத்துவிட்டால் அது சரக்கு. வள்ளுவர் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் எழுதினார். சாப்பாட்டு விடுதிக்கு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நகமுராயாவின் கதையைப் படித்த பிறகு, விலைக்கும் ஒரு தர்மம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. 1915-இல் அந்த வீடு ஒரு காசு வாங்காமல் ஓர் அகதிக்குச் சோறு போட்டது. 1927-இல் அந்த அகதியின் நாட்டுச் சோற்றுக்கு, ஊரில் உள்ள விலையைப் போல் ஏழு மடங்கு விலை வைத்தது. முதலாவது கருணை. இரண்டாவது மரியாதை. அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு தேசத்தின் பதார்த்தத்தை, எஜமானனின் பதார்த்தத்தைவிட உயர்ந்தது என்று விலைப் பலகையில் எழுதி வைத்தார்கள் அல்லவா? தம் வாழ்நாளில் இந்தியக் கொடி ஏறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத போஸ், இந்தியக் கறி தலைநிமிர்ந்து நிற்பதையாவது பார்த்துவிட்டார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே சாப்பிடும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. 2014-இல் எழுப்பிய புதுக் கட்டடம். கீழே நிலவறையில் சாப்பாட்டுக் கூடம். ஜப்பானியக் கடைகளின் சம்பிரதாயங்கள் புதியவனுக்கு விநோதமாகத்தான் இருக்கும். பல கடைகளில் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அசலைப் போல் பொம்மை செய்து வைத்திருப்பார்கள்; பாஷை தெரியாதவன் விரலால் காட்டினால் போதும். உள்ளே போய் உட்கார்ந்தவுடன் கை துடைக்க ஈரத்துணி வருகிறது, தண்ணீர் வருகிறது. பரிமாறுகிறவருக்குத் தனியாகக் காசு கொடுக்கும் வழக்கம் கிடையாது, கொடுத்தால் சங்கடப்படுவார்கள். சாப்பிடுவதற்கு முன் கைகூப்பி "இத்தடக்கிமஸ்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். "பணிந்து பெற்றுக்கொள்கிறேன்" என்பது அதன் கருத்து. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனும் பணிந்து பெற்றுக்கொள்கிறான்! இந்த ஒரு சொல்லுக்காகவே அந்தத் தேசத்தாரை எனக்குப் பிடித்துவிட்டது.

குழம்பு தனிப் பாத்திரத்தில் வந்தது. சோறு தனித் தட்டில் வந்தது. சாப்பிடக் கரண்டி வைத்தார்கள். குச்சியோடு மல்லுக்கு நிற்கும் கஷ்டம் எனக்கு ஏற்படவில்லை. ருசி எப்படி என்றால், எங்கள் ஊர்க் கறிக்குழம்பு அல்ல. மிளகாயும் தேங்காயும் அம்மியில் அரைபட்ட அந்த வேகம் இதில் இல்லை. வங்காளத்தில் பிறந்து ஜப்பானில் வளர்ந்த ருசி. ஆனால் மஞ்சளின் வாசனையை மூக்கு உடனே கண்டுகொண்டது. 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எங்கள் மூக்குக்கு அந்தச் சான்றிதழ் பிறப்பிலேயே கிடைத்தது. பக்கத்து மேஜைகளில் வயதான ஜப்பானியப் பெண்மணிகள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது அயல்நாட்டுச் சாப்பாடு அல்ல. தாய் தகப்பன் காலத்துப் பழக்கம். போஸைப் பின்பற்றி ஜப்பானில் போராடிய திருவனந்தபுரத்து ஏ. எம். நாயரும் 1949-இல் டோக்கியோவின் கின்சாப் பகுதியில் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்தார். புரட்சிக்காரர்கள் கடைசியில் சமையற்கட்டில் போய் நின்றது ஜப்பானுக்கு லாபமாக முடிந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, எங்கள் தெருவில் எண்பது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏனுங் தம்பி, சப்பானுக்குப் போயிட்டு வந்தீங்களாமா? அங்கெல்லாம் நம்ம சோறு கெடைக்குதுங்களா?"

"கெடைக்குதுங்க பெரியப்பா. கறிச்சோறே கெடைக்குதுங்க" என்று சொல்லி, நகமுராயாவின் கதையை உற்சாகமாக ஆரம்பித்தேன். பெரியவர் முழுதும் கேட்டார். அப்புறம் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"எங்கப்பனுக்கு மூத்தவரு ஒருத்தரு மலேயாவுக்கு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனாருங்க. சப்பான்காரன் வந்து, ரயில் ரோடு போடோணும்னு சயாமுக்குக் கூட்டிட்டுப் போனானாம். அதோட செரி, ஒரு தாக்கலும் இல்லீங்க. எங்கப்பத்தா சாகிற மட்டும் திண்ணையிலே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. அவிய ஊர்ல போயி, அவிய போட்ட சோத்தைத் திங்க உங்களுக்கு எப்படீங்க தம்பி மனசு வந்துச்சு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டுமானால், டோக்கியோவை விட்டு மலேயாவுக்குப் போக வேண்டும்.

1942-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதே வருஷம் ஜூனில் பாங்காக்கில் கூடிய இந்திய சுதந்திர லீக் மகாநாட்டுக்கு ராஷ் பிகாரி போஸ் தலைமை வகித்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மலேயாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ் இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். இதையெல்லாம் நாம் பெருமையோடு படிக்கிறோம், படிக்கத்தான் வேண்டும்.

அதே மாதங்களில், அதே தோட்டங்களிலிருந்து, வேறொரு வரிசையும் புறப்பட்டுப் போயிற்று. பர்மாவிலுள்ள தங்கள் சேனைக்குச் சாமான் அனுப்ப, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை ஒன்றை ஜப்பானிய ராணுவம் மலையையும் காட்டையும் வெட்டிப் போட்டது. 1942-இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். யுத்தக் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள். பன்னிரண்டாயிரம் பேரளவில் மாண்டார்கள். அவர்களைப் பற்றி மேல்நாட்டார் புத்தகங்கள் எழுதினார்கள், சினிமாவும் எடுத்தார்கள். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட அவர்களில் சுமார் தொண்ணூறாயிரம் பேர் மாண்டார்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். மழைக்கால முகாம்களில் காலரா வந்தது. கைதிகளுக்காவது அவர்களோடு அகப்பட்ட டாக்டர்கள் இருந்தார்கள்; நம்மவருக்குப் பெரும்பாலும் யாரும் இல்லை. ஊசிப்போன அரிசியும் தண்ணீரான சாறும் ஆகாரம். அதுவும் வேலை செய்கிறவனுக்குத்தான். படுத்துவிட்டவனுக்குப் பங்கு குறைந்துவிடும். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். அந்தப் பாதைக்குத் தமிழர்கள் வைத்த பெயர் அதுதான்.

தோட்டங்களில் தங்கிவிட்டவர்களுக்கும் சோறு கிடைக்கவில்லை. அரிசி வரத்து நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளை ஆகாரமாயிற்று. எங்கள் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். வேகவைத்து ஆசைக்குத் தின்போம். மலேயாவில் அந்தக் காலத்தை அனுபவித்த கிழவர்கள் பலர், யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கிழங்கைத் தொடவே மறுத்தார்கள் என்று கேட்டிருக்கிறேன்.

போஸின் குடும்பத்தையும் யுத்தம் விட்டுவைக்கவில்லை. 1945 ஜனவரி 21-ஆம் தேதி, நாடு விடுதலையாவதைப் பார்க்காமலே, டோக்கியோவில் அவர் கண்ணை மூடினார். ஜப்பானியச் சேனையில் சேர்ந்த அவருடைய மகன் அதே வருஷம் ஒக்கினாவாப் போரில் மாண்டான். அடைக்கலம் கொடுக்க உதவிய டோயாமா மிட்சுருவும் வெறும் தயாள குணத்தால் அதைச் செய்தவர் அல்ல. ஆசியாக் கண்டத்தில் ஜப்பானிய ஆதிக்கம் பரவ வேண்டும் என்று பாடுபட்டவர். 1915-இல் ஓர் இந்தியரைக் காப்பாற்றிய அந்தக் கொள்கைதான் வளர்ந்து பெருத்து, 1943-இல் ஆயிரமாயிரம் தமிழர்களைக் காட்டில் புதைத்தது. சரித்திரத்தில் நன்றியும் வஞ்சமும் இப்படி ஒரே கொடியில் காய்த்துத் தொங்குவதுண்டு.

அப்படியானால் பெரியவரின் கேள்விக்குப் பதில் என்ன? அந்தக் கடையில் நான் சாப்பிட்டிருக்கக் கூடாதா?

நான் யோசித்துக் கண்ட பதில் இதுதான். அய்ஸோவும் கொக்கோ அம்மாளும் போஸுக்குச் சோறு போட்டது தங்கள் அரசாங்கத்தின் உத்தரவை மீறி. போலீஸுக்குத் தெரிந்தால் கடை போகும், மானம் போகும், சிறையும் கிடைக்கும். தெரிந்தே போட்டார்கள். சயாம் காட்டில் நம்மவருக்குச் சோறு மறுக்கப்பட்டது அரசாங்கத்தின் உத்தரவுப்படி. மறுத்த சிப்பாய்க்கு அதில் சொந்தப் பகை ஏதும் இல்லை. மேலேயிருந்து வந்த உத்தரவு அது. சோறு போட்டது ஒரு வீடு. மறுத்தது ஒரு ராஜ்யம். இரண்டையும் "ஜப்பான்காரன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், வீட்டின் புண்ணியத்தை ராஜ்யம் திருடிக்கொள்ளும். அல்லது ராஜ்யத்தின் பாவத்தை வீடு சுமக்க நேரிடும். இரண்டும் நியாயமில்லை. அந்த மரண ரயில் பாதையிலேயே, காஞ்சனபுரியில் கடை வைத்திருந்த பூன்போங் என்ற சயாமிய வியாபாரி, கைதிகளுக்கு மருந்தும் ஆகாரமும் ரகசியமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அகப்பட்டிருந்தால் அவர் தலை தப்பியிராது. அவரும் ஒரு கடைக்காரர்தான்.

இதனால் பெரியவரின் துக்கம் தீர்ந்துவிடாது. தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. காஞ்சனபுரியில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறக்குறைய ஏழாயிரம், வரிசை வரிசையாக, பூச்செடிகளோடு இருக்கின்றன. நம்மவருக்கு அப்படிப் பெயர் வாரியாகக் கற்கள் இல்லை. போஸின் பெயர் பிழைத்திருப்பதற்கு அவர் வீசச் செய்த வெடிகுண்டு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அவர் விட்டுப்போன குழம்பும். ஷிஞ்சுகுவில் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் அதைப் பரிமாறுகிறார்கள். சயாம் காட்டில் மாண்ட அந்தியூர்க்காரனின் பெயரைச் சொல்ல ஒரு தட்டுச் சோறுகூட இல்லை.

ஆகவே இரண்டு கணக்குகளையும் ஒரே புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். ஒரு பக்கத்தில், ஓர் அகதிக்காக நான்கு மாதம் வாய் திறவாமல் இருந்த ரொட்டிக் கடை. அவன் நாட்டுச் சோற்றுக்கு அது வைத்த எண்பது சென் விலை. எதிர்ப்பக்கத்தில், விலையே வைக்காமல் எடுத்துக்கொள்ளப்பட்ட ஆயிரமாயிரம் உயிர்கள். திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டே இறந்துபோன தாய்மார்கள். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் வாசிக்கிறவன் சரித்திரம் படித்தவன் ஆகமாட்டான். இரண்டையும் படித்துவிட்டு, பிறகு எந்த நாட்டுக் கடையில் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காரும்போது, அந்தத் தேசத்து வழக்கப்படி, பணிந்து பெற்றுக்கொள்வதாக ஒரு வார்த்தை சொல்வதும் தப்பில்லை. அந்த வார்த்தையை, சோறு போட்டவர்களுக்காக ஒரு தரமும், சோறு கிடைக்காமல் போனவர்களை நினைத்து இன்னொரு தரமும் சொல்ல வேண்டும்.